எழுதாச் சித்திரம்

செம்மண்ணைக் கரைத்துச் சிவப்பு கண்டார்கள். மஞ்சட்கல்லை அரைத்து மஞ்சள் கண்டார்கள். நீலஅமரிச் சாற்றிலிருந்து பச்சை கண்டார்கள். எண்ணெய் விளக்கின் புகைக்கரியைத் திரட்டிக் கருமை கண்டார்கள். சுதையின் இயல்பான வெண்மையை அப்படியே விட்டு வெண்மை கண்டார்கள். ஐந்தே வண்ணம்! இளநீரும் வேப்பம்பிசினும் கூட்டி, கடுக்காய்ச் சாறு குடித்து இறுகிய சுண்ணச் சுவரின்மேல், அரவணையில் துயிலும் அனந்தபத்மநாபனை, அவன் உந்திக் கமலத்தை, அவன் சூழ நிற்கும் வானவர் திரளை அந்த ஐந்துக்குள் அடக்கிவிட்டார்களே! பாற்கடல் கொள்ளாதவன் பத்மநாபபுரத்து மாடியறை ஒன்றில் ஒடுங்கிக் கிடக்கிறானே! எந்தக் கருணை அவனை அந்தச் சுவருக்குள் இழுத்தது? எந்தக் கலைஞன் கை அவனைக் கட்டிப்போட்டது?

தக்கலைக்கு அருகே, வேளிமலையின் நிழலில், பத்மநாபபுரம் அரண்மனையின் உப்பரிகை மாளிகை நான்கு நிலைகளாய் எழுந்து நிற்கிறது. அடியில் கருவூலம், அதன்மேல் அரசனின் கட்டில், அதன்மேல் அவன் விரதமிருக்கும் அறை, எல்லாவற்றுக்கும் மேலே, வேந்தன் தலைக்கும் மேலே, வேந்தர்க்கு வேந்தனுக்கு ஒரு பள்ளியறை. அங்கே ஆளில்லாக் கட்டில். அணையாத் தூங்கா விளக்குகள். நாற்புறச் சுவரிலும் சுவர்ச் சித்திரங்கள். சயனத் திருக்கோலம், வேணுகோபாலன், சிவபார்வதி, சாஸ்தா, கணபதி என்று தெய்வங்கள் ஒருவரையொருவர் நெருக்கிக்கொண்டு நிற்கும் அந்த அறைக்குள் பொதுவாக யாரையும் விடுவதில்லை. விடாவிட்டால் என்ன! நகல்களில் கண்டாலே நெஞ்சு நனைகிறது. வெட்டவெளி என்று ஓரங்குலம்கூட இல்லாமல் மாலையும் மணியும் மயிற்பீலியும் மலர்க்கொடியுமாய் நிரம்பி வழியும் அந்தச் சுவர், இறைவன் இல்லாத இடம் எங்கே என்று நம்மையே கேட்கிறது.

அந்த மரபில் ஒரு நியதி உண்டு. உடலை எழுதி, ஆடையை எழுதி, அணிகலன் ஒவ்வொன்றாய்ப் பூட்டி, எல்லாம் முடிந்த பின்னரே கண்ணை எழுதுவார்கள். கண் திறக்கும் கணம் வரை சுவரில் இருப்பது வண்ணம். திறந்தபின் இருப்பது தெய்வம். எழுதியவனே அந்தக் கணத்தில் நடுங்கியிருப்பான். தான் தீட்டிய விழி தன்னையே நோக்கும்போது, 'நான் எழுதினேன்' என்னும் அகந்தை எங்கே போய் ஒளியும்! தூரிகை நழுவும். கரங்கள் குவியும். எழுதியவன் கரைந்து எழுதப்பட்டவன் மட்டும் மிஞ்சுவான்.

1750ஆம் ஆண்டு. குளச்சல் கரையில் டச்சுப் படையை முறித்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மர் தன் உடைவாளைத் திருவனந்தபுரத்துச் சன்னிதியின் படியில் வைத்து, வென்ற நாடனைத்தையும் பத்மநாபனுக்கே தானம் செய்து, தானும் தன் குலத்தவரும் அவன் தாசர்கள் என்று பணிந்த ஆண்டு அது. திருப்படித்தானம் என்று அதைச் சொல்வார்கள். உப்பரிகை மாளிகையின் சித்திரங்களை அந்தச் சரணாகதியிலிருந்து பிரித்துப் பார்க்க என்னால் முடிவதில்லை. கட்டிலில் படுக்கும் அரசனுக்கு மேலே கடவுள் படுக்கிறார். நாடு யாருடையது என்பதை ஒரு வீட்டின் அடுக்குகளாலும் ஒரு சுவரின் வண்ணங்களாலும் சொல்லிவிட்டார்கள். ஓவியம் அரசியல் பேசுமா என்று கேட்பவர்கள் எங்கள் கல்குளத்துப் பத்மநாபபுரத்துக்கு வரட்டும். ஓர் அரசின் சாசனமே இங்கே சித்திரமாய் இருக்கிறது!

ஆனால், அனந்தசயனா! நீ துயின்ற அந்த நாட்டில் உன் பிள்ளைகள் துயின்றார்களா?

உன் பெயரால் தலைவரி வாங்கினார்கள். உன் பெயரால் கூலியில்லா ஊழியம் வாங்கினார்கள். உன் திருக்கோயில் வீதியில் இத்தனை அடி தள்ளி நில் என்றார்கள். முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக்கூடாது, தலைப்பாகை கட்டக்கூடாது, குடை பிடிக்கக்கூடாது, செருப்பணியக்கூடாது, பெண் இடுப்பில் குடம் ஏற்றக்கூடாது, தோளில் சீலை போடக்கூடாது என்றார்கள். அத்தனை வண்ணமும் உன் மேனியில் தீட்டி முடித்த கைகளுக்கு, இந்த மக்களின் மேனியில் ஒரு முழத் துணி கண்டால் மட்டும் கண் கூசியதே! சுவரில் உனக்கு விழி திறந்தவர்கள், வீதியில் உன்னைக் கண்டு விழி மூடினார்களே! நாஞ்சில் நாட்டு வயல்கள் நெல்லால் பொன்னிறம் பூண்டு நின்றபோது, அந்த நெல்லை நட்டவள் நெஞ்சை மறைக்க ஒரு துண்டுக்காக ஏங்கினாளே!

நீ பொறுக்கவில்லை.

1809இல் பூவண்டன்தோப்பில் ஓர் எளிய குடிசையில் நீ பிறந்தாய். பெற்றவர்கள் ஆசையோடு முடிசூடும் பெருமாள் என்று பெயரிட்டார்கள். தாழ்த்தப்பட்ட குடியில் பிறந்தவனுக்கு முடி என்னும் சொல்கூட ஆகாது என்று மேலோர் சீற, முத்துக்குட்டி ஆனாய். தலையில் துணியே தகாது என்றவர்கள், பெயரில் மணிமுடி இருக்க விடுவார்களா? நோயுற்ற உடலோடு உன்னைத் தூக்கிக்கொண்டு தாய் கடலோரமாய் நடந்தாள். 1833 மாசியில் திருச்செந்தூர்க் கடலுக்குள் இறங்கினாய், அலைக்குள் மறைந்தாய், அழுது கரையில் கிடந்தவளின் முன் மூன்றாம் நாள் அய்யா வைகுண்டராய் எழுந்தாய். அய்யா! அலை அலையாய் எத்தனை யுகம் அந்தக் கடல் உனக்காகக் காத்திருந்ததோ! போனவன் மகன், வந்தவன் தந்தை. பெற்றவளே உன்னை வணங்கிப் பின்தொடர்ந்தாளே!

சுவாமித்தோப்பின் வடக்குவாசலில் ஆறாண்டுத் தவம். குழிக்குள் நின்று ஈராண்டு, தரையில் இருந்து ஈராண்டு, மேடையில் அமர்ந்து ஈராண்டு. தாழ்ந்து கிடந்த ஒரு மக்கள் கூட்டம் குழியிலிருந்து தரைக்கும் தரையிலிருந்து உயரத்துக்கும் ஏறிவருவதை உன் உடலாலேயே நடத்திக் காட்டினாய் என்று நான் எண்ணுவேன். எண்ணும்தோறும் உடல் சிலிர்க்கும். எல்லோரும் ஒன்றாய் நீர் இறைக்க முத்திரிக் கிணறு கண்டாய். ஒன்றாய் உண்ணவும் ஓதவும் ஊர்தோறும் நிழல்தாங்கல் எழச் செய்தாய். திருவனந்தபுரத்து மன்னனை நீசன் என்றாய், கடல் கடந்து வந்து வரி தின்றவனை வெண்நீசன் என்றாய்; அதற்காகச் சிங்காரத்தோப்புச் சிறையில் கிடந்தாய். பசித்த புலியை உன்னெதிரே விட்டார்கள், அது உன்முன் படுத்துக்கொண்டது என்று எங்கள் பாட்டிமார் சொல்லும்போது அவர்கள் குரலில் ஐயத்தின் சாயல்கூட இருந்ததில்லை. எனக்கும் இல்லை.

இத்தனையும் செய்து, 1851இல் உடல் மறையும் முன், நீ ஒரு சித்திரமும் வைத்துவிட்டுப் போனாய். அதைச் சொல்லத்தான் வந்தேன். சொல்ல வாய் நடுங்குகிறது.

சுவாமித்தோப்புத் தலைமைப்பதி. காவித் துணியில் வெண்சுடர் எழுந்து பறக்கும் அன்புக்கொடி. கிணற்று நீரை விட்டுக்கொண்டு, ஈரம் சொட்டச்சொட்ட ஆண்கள் மேலாடை களைந்து நிற்கிறார்கள். களைந்தபின் என்ன செய்கிறார்கள் பாருங்கள்! தலைப்பாகை கட்டுகிறார்கள். தெய்வத்தின் முன் போகும்போது தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் சுற்றிக்கொள்வது நாடெங்கும் வழக்கம். இங்கே கட்டிக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும். முடி மறுக்கப்பட்ட தலைகளே, முடிசூடி வாருங்கள் என்று அழைக்கும் கோயில் இந்தப் பூமியில் வேறெங்கே இருக்கிறது? அன்று கட்டினால் அடி விழுந்த அதே துணி. இன்று அது இல்லாமல் அனுமதி இல்லை. அய்யா, உன் அரசியலே அரசியல்! உன் அருளே அருள்!

அய்யா சிவசிவ என்ற ஓசை நெற்றிப்பொட்டில் அதிர, கூட்டம் மெல்ல நகர, பள்ளியறையின் நேர் எதிரே வந்து நிற்கிறோம். சிலை இல்லை. சங்கு சக்கரம் ஏந்திய கைகள் இல்லை. அரவணை இல்லை. விளக்கு எரிகிறது, விளக்கின் பின்னே ஒரு நிலைக்கண்ணாடி. அதற்குள்...

அதற்குள் யார்!

ஈரத் தலைப்பாகை சரிந்து, நெற்றியில் வெண்மண் நாமம் சுடராய் நிமிர்ந்து, கண் கலங்கி, கை குவித்து அங்கே நிற்பது யார்? தீபத்தின் ஒளி அவன் மார்பில் விழுகிறது. நான் அழுகிறேன், அவன் அழுகிறான். நான் வணங்குகிறேன், அவன் வணங்குகிறான். தேடி வந்தவனே தேடப்பட்டவனாய்த் தெரிய, தெய்வம் எங்கே என்று கேட்ட வாய் கண்ணாடிக்குள்ளும் வாயடைத்து நிற்க, என் பாட்டன் நின்ற இடம், அவன் பாட்டன் அடிபட்ட தோள், அத்தனையும் அந்தச் சட்டகத்துக்குள் வந்து நெருங்க, எலும்பு உருக, நான் என்ற ஒன்று நெய்யாய் உருகி அந்தத் திரியில் ஏற, ஐயோ, எரிவது விளக்கா நானா! என் பக்கத்தில் நின்ற மீன் விற்கும் கிழவியும் அங்கே இருந்தாள். பனையேறிக் காய்த்த மார்போடு ஒருவர் இருந்தார். தோளில் சாய்ந்து தூங்கும் குழந்தை இருந்தது. எல்லோரும் கருவறைக்குள்! எல்லோரும் தீபத்தின் ஒளியில்! பத்மநாபபுரத்துக் கலைஞன் கடைசியாய்த் திறந்தானே கண், அந்தக் கண் இங்கே என் முகத்தில் திறந்தது. தூரிகையே தொடாத சித்திரம். நாளொன்றுக்கு ஆயிரம் முகம் மாறியும் தெய்வம் மாறாத சித்திரம்!

அந்தக் கண்ணாடியின் முன் நின்று எழுந்த கண்ணுக்கு, அதன்பின் உலகத்தின் எந்த ஓவியமும் வெறும் ஓவியமாய்த் தெரிவதில்லை. கடல் கடந்த ஆப்பிரிக்கக் கண்டத்தின் ஓவியங்களைப் புத்தகத் தாள்களில் புரட்டியபோது எனக்கு நேர்ந்தது அதுதான்.

காங்கோ நாட்டு லுபும்பாஷி நகரத்தில் ட்ஷிபும்பா காண்டா மாட்டுலு என்று ஓர் எளிய ஓவியன் இருந்தான். மாவு மூட்டைத் துணியை நீட்டிக் கட்டி, அதன்மேல் வண்ணம் பூசி, வீடு வீடாய் விற்றுப் பிழைத்தவன். 1973, 1974ஆம் ஆண்டுகளில் தன் தேசத்தின் வரலாறு முழுவதையும் ஏறத்தாழ நூறு படங்களாய் எழுதி, யோகான்னஸ் ஃபாபியன் என்ற மானுடவியலாளரிடம் ஒவ்வொன்றுக்கும் கதை சொல்லிக் கொடுத்தான். அவன் எழுதிய ஒரு காட்சி உண்டு. அவனைப் போன்ற பல ஓவியர்கள் அங்கே திரும்பத் திரும்ப எழுதியதும்கூட. பெல்ஜியக் கொடி பறக்கிறது. தரையில் ஒரு கறுப்பு மனிதன் குப்புறக் கிடக்கிறான். அவனைச் சவுக்கால் அடிப்பவனும் கறுப்பு மனிதன். வெள்ளை அதிகாரி நின்று பார்க்கிறான். பெண்ணொருத்தி அழுகிறாள். இந்தப் படத்தை அந்நகரத்து மக்கள் வாங்கித் தங்கள் வீட்டு நடுக்கூடத்தில் மாட்டினார்கள்! தங்கள் முதுகில் விழுந்த அடியைச் சுவரில் மாட்டி, அதன் கீழே அமர்ந்து உண்டு, பேசி, பிள்ளை வளர்த்தார்கள். அந்தக் கூடம் எனக்குக் கூடமாய்த் தெரியவில்லை. நிழல்தாங்கலாய்த் தெரிந்தது. அந்தச் சட்டகத்துக்குள் இருந்தது என் கண்ணாடி.

அதே ட்ஷிபும்பா, 1961 சனவரியில் கொல்லப்பட்ட பாட்ரிஸ் லுமும்பாவை எழுதினான். விடுதலை பெற்ற காங்கோவின் முதல் பிரதமர். பதவியில் மூன்று மாதம்கூட நிறையாதவர். அவர் உடல் மண்ணில் கிடக்க, தொலைவில் மூன்று சிலுவைகளை நட்டுவிட்டான் அந்த மகாபக்தன்! யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. கொல்லப்பட்டவனைப் பார்த்த கணத்தில் அவனுக்குக் கல்வாரி தெரிந்தது. நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் குளச்சலிலும் சிலுவைக் கோபுரங்களின் மணியோசையில் வளர்ந்த நமக்கு அதை விளக்கவா வேண்டும்? துயருறுபவனின் மேனியில் நீ இறங்குவாய். சாதி பாராமல், கண்டம் பாராமல், கேட்ட பெயர் எதுவானாலும் அந்தப் பெயரிலேயே இறங்குவாய். அலையில் எழுந்தவன் நீ. மூன்று சிலுவைகளின் அடியில் கிடந்தவனும் நீ. 1980களின் தொடக்கத்தில் அந்த ஓவியனே காணாமற்போனான். எங்கே போனான் என்று உலகம் கேட்கிறது. உன்னிடம்தான் வந்திருப்பான்.

கின்ஷாசாவில் பெயர்ப்பலகை எழுதத் தொடங்கிப் புகழ்பெற்ற ஷேரி சம்பா, ஊரின் ஊழலையும் நோயையும் போரையும் எழுதும்போது தன் முகத்தையே படத்துக்குள் வைப்பார். குற்றம் சுமத்துபவனும் சட்டகத்துக்குள் நிற்கட்டும் என்ற அந்த நேர்மை எனக்குச் சன்னிதி நியாயமாகவே படுகிறது.

ஆனால் என்னை முற்றும் கரைத்தவர் சூடானின் இப்ராஹிம் எல்-சலாஹி. 1930இல் ஓம்துர்மானில் பிறந்து, தந்தை நடத்திய குர்ஆன் பள்ளியில் மரப்பலகையில் எழுத்துப் பழகியவர். திருவசனத்தை எழுதி எழுதி, அந்த எழுத்தின் வளைவிலிருந்தே மனித உருவங்களைக் கண்டெடுத்தவர். 1975இல் பொய்க் குற்றம் சாட்டி கார்ட்டூம் நகரத்துக் கோபர் சிறையில் அடைத்தார்கள். தாளும் எழுதுகோலும் அங்கே குற்றம். கையில் அகப்பட்டால் தண்டனை. அவர் என்ன செய்தார்? சிமெண்டுப் பையின் காகிதத்தைச் சிறுசிறு துண்டாய்க் கிழித்தெடுத்து, அதில் கோடிழுத்து, காவலன் வரும் அரவம் கேட்டதும் மணலைத் தோண்டிப் புதைத்தார். புதைத்தார்! எழுதியதை! விதைப்பதுபோல! ஆறு மாதச் சிறைக்குப்பின் வெளியே வந்தவர், தாய்நாட்டை விட்டுப் பிரிந்து போனபின், அந்தச் சிறு துண்டுகளின் நினைவிலிருந்தே பேருருவங்களை வளர்த்தார். 1984, 1985ஆம் ஆண்டுகளில் ஒன்பது தாள்களைச் சேர்த்து ஒரே கறுப்பு வெள்ளைப் பெருஞ்சித்திரம் எழுதி, 'தவிர்க்க இயலாதது' என்று பெயரிட்டார். முறுக்கிய கைகள், உயர்ந்த முட்டிகள், ஒடுங்கிக் கிடந்து எழும் ஒரு மக்கள் திரள். ஐந்து வண்ணமும் வேண்டாம் என்று கரியையும் வெண்மையையும் மட்டும் வைத்துக்கொண்டார். சிறையில் அவருக்குக் கிடைத்தவை அவைதானே! குழிக்குள் நின்ற ஈராண்டுத் தவத்தை எண்ணி, மணலுக்குள் கிடந்த அந்தத் துண்டுகளை எண்ணி, சிங்காரத்தோப்பும் கோபர் சிறையும் ஒரே சுவரின் இரு பக்கங்களாய் எனக்குத் தோன்ற, அந்தத் தாளின்மேல் நெற்றி வைத்துக் கிடந்தேன். மணலே, நீயன்றோ கருவறை!

கண்ணாடியின் ஒளி சுவாமித்தோப்போடு நின்றுவிடவில்லை. 1872 தைப்பூசத்தில் வடலூரில் வள்ளலார் ஏழு திரைகளுக்குப் பின்னே கண்ணாடியும் தீபமுமாய் ஞானசபை கண்டார். எங்கள் மருந்துவாழ்மலைக் குகையில் தவமிருந்த நாராயண குரு, 1927இல் சேர்த்தலை அருகே களவங்கோட்டில் கண்ணாடியையே பிரதிஷ்டை செய்தார். தாழ்த்தப்பட்ட முகத்துக்குக் கருவறையில் இடம் வேண்டும் என்று தாகித்த ஞானிகளின் நெஞ்சிலெல்லாம் அதே ஒளி வந்து விழுந்திருக்கிறது.

நீ உடல் மறைத்து எட்டாண்டு கழித்து, 1859 சூலையில், தோள்சீலைக்கு அரசாணை வந்தது. அதுவும் அரைமனத்தோடுதான்: மறைத்துக்கொள்ளலாம், மேல்சாதிப் பெண்களைப்போல மட்டும் உடுத்தக்கூடாது. அந்தத் துண்டுத்துணிக்காகச் சந்தைகளில் எங்கள் பாட்டிமாரின் ரவிக்கையைக் கிழித்தார்கள், வீடுகளை எரித்தார்கள், ஆலயங்களையும் பள்ளிகளையும் எரித்தார்கள். கிழிக்கக் கிழிக்க அவர்கள் மறுநாளும் உடுத்தி வந்தார்கள். அந்த மறுநாளை யார் எழுதினார்கள், அய்யா? கிழிந்த சீலையோடு சந்தையிலிருந்து திரும்பி, இரவெல்லாம் தைத்து, விடிந்ததும் அதையே போர்த்திக்கொண்டு அதே சந்தைக்கு நடந்தவளின் நடையை எந்தச் சுவரில் காண்பேன்? சுசீந்திரத்துத் தேர்வீதியில் நடப்பதற்காக 1926இல் அடிபட்டவர்களின் தோள்களை எந்த வண்ணத்தில் காண்பேன்? உப்பரிகையின் உச்சியில் உன் சயனத்துக்கு நாற்புறச் சுவரும் கிடைத்தன. அவளுக்கு ஒரு சுவர் வேண்டும்.

ஓவியனை அனுப்பு, அய்யா! எந்தக் குடியில் வேண்டுமானாலும் பிறக்கட்டும். பனங்காட்டு வீட்டிலோ, கடற்கரைக் குடிசையிலோ, காணிக்காரர் மலையிலோ பிறக்கட்டும். ஆணாய் வரட்டும், பெண்ணாய் வரட்டும். பெண்ணாய் வந்தால் இன்னும் நல்லது. மாவு மூட்டைத் துணி போதும். சிமெண்டுப் பைக் காகிதம் போதும். முத்திரிக் கிணற்றில் முதல் வாளி மேலே வந்ததை எழுதட்டும். புலி படுத்துக்கொண்டதை எழுதட்டும். சந்தைக்கு மறுநாளும் போனவளை, திருவாட்டாற்றுப் பெருமாள் கிடக்கும் நீளத்துக்கு, தலை முதல் கால் வரை எழுதட்டும். எல்லாம் முடித்தபின் கண்ணைத் திறக்கட்டும். அந்தப் பிள்ளை எழுத வந்து நிற்கும் நாளில் ஈரத் துணியைப் பிழிந்து, மடித்து, அதன் தலையில் நானே பாகை கட்டிவிடுகிறேன். சீக்கிரம் அனுப்பு!